நூற்றுப்பதினேழாம் எண்

குருமூர்த்தி கதவைத் தட்டாமல் உள்ளே வந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. ரஞ்சினி குளிருக்குப் போட்டிருந்த மேலங்கியைக்கூட இன்னும் கழற்றவில்லை.

"என் ஃபைல்ஸ் எல்லாம் காணோம்," என்றான். "பிப்ரவரியிலேர்ந்து ஜூலை வரைக்கும். டைரக்டரி அப்படியே இருக்கு, உள்ள பழைய ரிசல்ட் ஒண்ணுகூட இல்ல."

1988 அக்டோபர், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மேற்கு ஜெர்மனியின் ஆஹென் நகரில், எஃகை உருட்டித் தகடாக்கும் முறைகளை ஆராய்கிற ஒரு கூடம் அது. குருமூர்த்தி கும்பகோணத்துக்காரன், முனைவர் பட்டத்துக்காக வந்து மூன்றாவது வருடம். ரஞ்சினி கொக்குவில்காரி. யாழ்ப்பாணத்தில் கணிதம் படித்துவிட்டு, எண்பத்தைந்தில் கிழக்கு பெர்லின் வழியாகக் கணவன் செல்வரட்ணத்தோடு வந்து சேர்ந்தவள். எண்பத்தெட்டு வசந்தத்தில்தான் அவர்களுடைய அகதி விண்ணப்பம் ஏற்கப்பட்டது. அதுவரை வேலை செய்ய அனுமதி இல்லை. ஏற்கப்பட்ட இரண்டாம் மாதம், வேலைவாய்ப்பு அலுவலகம் ஒரு வருட ஒப்பந்தத்தில் அவளை இங்கே அனுப்பியது. கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் திருமதி கிறிங்ஸுக்கு உதவியாளாக.

எட்டு யூனிக்ஸ் கணினிகள், நாற்பத்தொரு பயனாளர்கள். திருமதி கிறிங்ஸ் முதுகு வலிக்காகப் போன வெள்ளிக்கிழமை மருத்துவமனையில் படுத்துவிட்டார். போகிற போக்கில் நடைபாதைச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்: எல்லாரும் கோப்புகளைச் சேமிக்கும் பொது வட்டு நிரம்பிவிட்டது, மூன்று மாதத்துக்கு முந்திய தேவையற்ற கோப்புகளை அவரவர் அழித்துவிடவும். அதற்கப்புறம் எட்டுக் கணினிகளுக்கும் பொறுப்பு ரஞ்சினி ஒருத்திதான்.

"நீங்களே பிழையா அழிச்சுப் போட்டீங்களோ?" என்று கேட்டாள்.

"நானா? அதுல என் தீஸிஸே இருக்குங்க." அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். "இன்னொண்ணு. நேத்து மத்தியானம் ஹால்ல ஒரு ட்ரையல் ஓட்டினேன். ரீடிங்ஸ சேவ் பண்ண விடல. 'அனுமதி இல்லை'ன்னு வந்தது. டிஸ்க் ஃபுல் போலிருக்குன்னு விட்டுட்டேன்."

ரஞ்சினி நிமிர்ந்தாள். "டிஸ்க் நிரம்பினால் 'இடம் இல்லை' எண்டுதான் சொல்லும். 'அனுமதி இல்லை' எண்டு சொல்லாது. வாங்கோ, ஹாலுக்குப் போய்ப் பாப்பம்."

முற்றத்தைக் கடந்து இருவரும் நடந்தார்கள். அவனோடு அவள் இவ்வளவு பேசியதே அதுவரை இல்லை. ஒரு வருடமாக இந்திய இராணுவம் யாழ்ப்பாணத்தில் இருந்தது. அம்மாவின் கடிதங்கள் இரண்டு மாதம், மூன்று மாதம் தாமதித்து வந்தன, சில வரவேயில்லை. அதற்குக் குருமூர்த்தி பொறுப்பில்லை என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் தேநீர் வேளையில் அவன் உட்காரும் மேசைக்கு அவள் போனதில்லை. அவனும் வணக்கம் சொல்வதோடு நிறுத்திக்கொள்வான்.

உருட்டாலை இருந்த பெரிய ஹாலின் மூலையில், கண்ணாடி அறைக்குள் எட்டாவது கணினி இருந்தது. வேறு கம்பனியின் இயந்திரம். மற்ற ஏழும் கோப்புகளை நகலெடுத்து எழுதிய நாடாவை அது வாசிக்காது. அதனால் கோடை முழுக்கத் தனியாகவே ஓடிக்கொண்டிருந்தது. போன வியாழக்கிழமைதான் முற்றத்துக்கு அடியால் கம்பி இழுத்து, அதையும் மற்றவற்றின் பொது வட்டோடு இணைத்திருந்தார்கள்.

ரஞ்சினி அதன் முன்னால் உட்கார்ந்து பொது வட்டைப் பட்டியல் போட்டாள். ஒவ்வொரு வரியிலும் கோப்பின் உரிமையாளர் பெயர், அவர் சேர்ந்த குழுவின் பெயர், பிறகு கோப்பின் பெயர். குருமூர்த்தியின் வரிக்கு வந்தபோது அவள் விரல் திரையிலேயே நின்றுவிட்டது. குழு சரியாக இருந்தது. உரிமையாளர் இருக்க வேண்டிய இடத்தில் 'டீட்டர்' என்று இருந்தது.

"என் டைரக்டரி எப்படி டீட்டரோடதாச்சு?"

"என்ர மேசையில பாத்தால் உங்கட பேர்தான் வரும். இங்க டீட்டர் எண்டு வருது." அவள் யோசித்துக்கொண்டே சொன்னாள். "கொம்பியூட்டருக்கு ஆளின்ர பேர் தெரியாது. கோப்பில எழுதியிருக்கிறது ஒரு நம்பர் மட்டும்தான். அந்த நம்பர் ஆருடையது எண்டு பயனாளர் கோப்பிலதான் பாக்கும். ஒவ்வொரு கொம்பியூட்டரிலயும் அந்தக் கோப்பு தனித்தனியா இருக்கு. குழுக் கோப்பு ஒத்துப்போகுது. பயனாளர் கோப்புதான் ஒத்துப்போகேல்லை."

அவள் முதலில் செய்த வேலை, கணினியின் பின்பக்கம் கையை விட்டுக் கம்பியைப் பிடுங்கியது. இனியும் ஏதாவது அழியக் கூடாது.

டீட்டர் ஹாலில்தான் இருந்தான். கைகளில் எண்ணெய் வழிய, உருளைகளுக்கு நடுவே குனிந்து எதையோ முறுக்கிக்கொண்டிருந்தான். பக்கத்துக் கிராமத்துப் பையன் மாதிரி சிவந்த முகம். ஆனால் முப்பது வயதுப் பொறியாளன். ரஞ்சினி கேட்டதும் உடனே பதில் சொன்னான்.

"ஆமாம், நேற்றுக் காலை அழித்தேனே. அறிவிப்புப் பார்த்தேன். இங்கேயிருந்துதான் கட்டளை கொடுத்தேன். பொது வட்டில் என் பெயரில் இருக்கிற, மூன்று மாதத்துக்கு முந்திய எல்லாவற்றையும் தேடி அழி என்று." அவன் இருவர் முகத்தையும் பார்த்தான். "ஏன்?"

குருமூர்த்தி ஜெர்மனில் விளக்கினான். டீட்டரின் கையிலிருந்த குறடு மெல்லத் தாழ்ந்தது. அவன் அருகிலிருந்த மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

பயனாளர் பட்டியலை எடுத்துவருகிறேன் என்று ரஞ்சினி மட்டும் தன் அறைக்குத் திரும்பினாள்.

ஹால் கணினியின் பயனாளர் கோப்பைத் தட்டெழுதியது அவள்தான். ஆகஸ்டில், ஒரு பிற்பகலில். மற்ற கணினிகளின் கோப்பை நீளத்தாளில் அச்செடுத்து, அதைப் பார்த்து நாற்பத்தொரு வரிகளையும் கையால் அடித்தாள். அந்தத் தாள் இழுப்பறையில் இருந்தது. விரித்துப் பார்த்தாள். நூற்றுப்பதினைந்து, நூற்றுப்பதினாறு, அடுத்தது நூற்றுப்பதினெட்டு. இடையில் நூற்றுப்பதினேழு இல்லை. ஓரத்தில் பென்சிலால் அவளுடைய கையெழுத்து: '117 எங்கே? அச்சுப் பிழை. திருத்தினேன்.'

அவளுக்கு எல்லாம் புரிந்தது. வரிசை விட்டுப்போன எண்ணைக் கண்டதும் கை சும்மா இருக்கவில்லை. நூற்றுப்பதினெட்டுக்காரருக்கு நூற்றுப்பதினேழைக் கொடுத்து, அவருக்குப் பின்னால் வந்த எல்லாரையும் ஓர் எண் முன்னுக்கு நகர்த்தியிருந்தாள். கணினி தனியாக இருந்தவரை அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கம்பி இணைத்த நிமிடத்திலிருந்து, அங்கே உட்கார்ந்த இருபத்தைந்து பேருக்கும் தங்கள் கோப்புகள் அந்நியமாகின, அடுத்தவருடையவை சொந்தமாகின. குருமூர்த்தி நூற்று இருபத்து மூன்று. டீட்டர் நூற்று இருபத்து நாலு. ஹாலில் டீட்டருக்கு அவள் கொடுத்திருந்தது நூற்று இருபத்து மூன்று.

அறையில் யாரும் இல்லை. பென்சில் குறிப்பை அழிரப்பரால் அழிக்க ஒரு நிமிடம் போதும். ஹாலுக்குப் போய் எண்களைத் திருத்திவிட்டு, புது இயந்திரம், புதுக் கம்பி, ஏதோ கோளாறு என்றால் யாரும் மேலே கேட்கமாட்டார்கள். ஒப்பந்தத்தை நீட்டுவதா என்று பேராசிரியர் அடுத்த மாதம் முடிவு செய்ய இருந்தார்.

அகதி விண்ணப்பத்தில் ஒருமுறை அவள் பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறிவிட்டன. எழுதியவர் ஓர் அலுவலர்; கையெழுத்திட்டவள் அவள். அதைத் திருத்த ஏழு மாதம் பிடித்தது. ஒவ்வொரு முறையும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தவர் அவளை ஏமாற்றுக்காரியைப் போலப் பார்த்தார். இந்த நாட்டில் ஒரு பிழை என்றால் அதுதான் அவளுக்குத் தெரிந்தது.

தாளைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்து போனாள். நடந்துகொண்டே இருந்தால் மனம் மாறாது என்று அவளுக்குத் தோன்றியது.

"மிஸ்டர் குருமூர்த்தி," என்றாள் கண்ணாடி அறையில் இருந்தவனிடம். "இது நான் விட்ட பிழை. 117 இல்லையெண்டு கண்டனான். அச்சுப் பிழையாக்கும் எண்டு நினைச்சு நானே வரிசையாப் போட்டிட்டன். டீட்டரில குற்றமில்லை."

அவன் தாளை வாங்கிப் பார்த்தான். பென்சில் குறிப்பை இரண்டு முறை வாசித்தான். கண்ணாடி அறையை விட்டு வெளியே போய், உருட்டாலையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றான். திரும்பி வந்தபோது அவன் கேட்டது ஒன்றே ஒன்று.

"டேப்ல இருக்கா?"

"வெள்ளிக்கிழமை எல்லாத்தையும் நகல் எடுத்தனான். நான் தனியா எடுத்தது அதுதான் முதல் தரம். சரியா எழுதுப்பட்டுதோ எண்டு வாசிச்சுப் பாக்கேல்லை."

"வாங்க, வாசிச்சுப் பாப்போம். கோபப்படறதா இருந்தா அப்புறம் பட்டுக்கறேன்."

மூன்று நாடாக்கள். ஒவ்வொன்றும் கையளவுப் பெட்டி. முதலாவதைச் செருகியதும் இயந்திரம் கரகரவென்று இழுக்கத் தொடங்கியது. ஒரு நாடா முடிய முக்கால் மணி நேரம். வேறொன்றும் செய்வதற்கில்லை. இருவரும் அடுத்தடுத்த நாற்காலிகளில் உட்கார்ந்து, திரையில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் கோப்புப் பெயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது நாடா ஓடிக்கொண்டிருக்கையில் அவன் கேட்டான். "அம்மா எப்படி இருக்காங்க? கொக்குவில்லதானே?"

அவள் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்கு ஆர் சொன்னது?"

"திருமதி கிறிங்ஸ். லெட்டர் வரலன்னா நீங்க அன்னிக்கு முழுக்கப் பேசமாட்டீங்கன்னு சொன்னாங்க. கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சேன். எந்த முகத்தோட கேக்கறதுன்னு தெரியல."

ரஞ்சினி திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "கடைசிக் கடிதம் ஜூலையில எழுதினவ. கிணத்தடியில நிண்ட பலா மரம் செல் குண்டு பட்டு முறிஞ்சு போச்சாம். வீட்டுக்கு ஒண்டும் இல்லை. தான் சுகமா இருக்கிறாவாம். பக்கத்து வீட்டுச் சனம் தன்னோட வந்து இருக்கினமாம்."

"அப்பா?"

"அப்பா முந்தியே இல்லை."

அவன் தலையசைத்தான். அம்மாவைப் பற்றி ஒருவர் கேட்க, ஊர்க்காரருக்குச் சொல்வது போல இயல்பாகச் சொல்ல முடிந்ததே அவளுக்கு வியப்பாக இருந்தது.

மூன்றாவது நாடாவில்தான் அவனுடைய டைரக்டரி வந்தது. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் என்று கோப்புகள் வரிசையாக வந்து இறங்கின. ஜூலையின் கடைசிக் கோப்பு வந்ததும் குருமூர்த்தி நாலைந்தைத் திறந்து பார்த்தான். எண்கள் நிறைந்த பக்கங்கள். கண்ணாடியைக் கழற்றி முகத்தை இரண்டு கைகளாலும் தேய்த்தான்.

"வந்துடுச்சு," என்றான். "நேத்து ஓட்டின ட்ரையல் மட்டும் போச்சு. அதை ஒண்ணும் பண்ண முடியாது. மறுபடி ஆலை கிடைக்க நவம்பர் ஆகும்."

"நீங்கள் அளவுகள் எடுக்கேக்குள்ள நான் வந்து பதிஞ்சு தாறன்."

"தாங்கோ," என்றான் அவன், அவளைப் போலவே.

பிற்பகல் மூன்று மணிக்கு, பார்வையாளர் நேரத்தில், ரஞ்சினி மருத்துவமனைக்குப் போனாள். சுருட்டிய தாளும் கூடவே போயிற்று. திருமதி கிறிங்ஸ் தலையணை இல்லாமல் மல்லாந்து படுத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். கூடத்தில் அவரைக் கண்டால் பேராசிரியரே குரலைத் தாழ்த்துவார். ரஞ்சினி நின்றபடியே, ஒன்றையும் மறைக்காமல், வீட்டிலிருந்து பாடமாக்கி வந்ததுபோல ஜெர்மனில் சொல்லி முடித்தாள். தாளை அவர் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தாள்.

திருமதி கிறிங்ஸ் பென்சில் குறிப்பைப் பார்த்தார். "தமிழிலா எழுதியிருக்கிறீர்கள்? என்ன அது?"

ரஞ்சினி மொழிபெயர்த்தாள்.

"நூற்றுப்பதினேழு ஒரு நார்வேக்காரர். போன வருடம் ஊருக்குப் போய்விட்டார். போனவருடைய எண்ணை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. அவருடைய பழைய கோப்பு எங்கேயாவது கிடந்தால், புதிதாக வருகிறவர் கையில் போய்ச் சேர்ந்துவிடும். இதை நான் உங்களுக்குச் சொன்னேனா?"

"இல்லை."

"அப்படியானால் பாதிப் பிழை என்னுடையது. மற்றப் பாதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்." கூரையைப் பார்த்தபடியே கேட்டார். "கம்பியைப் பிடுங்கினீர்களா?"

"உடனே பிடுங்கினேன்."

"நாடா?"

"மூன்றும் வாசித்தன."

"முதல் தடவை எடுத்த நாடா மூன்றும் வாசித்ததா? எனக்கு அப்படி நடந்ததில்லை." அவர் கையை நீட்டி ரஞ்சினியின் மணிக்கட்டைத் தொட்டார். "உட்காருங்கள், திருமதி செல்வரட்ணம். நீங்கள் நீதிமன்றத்தில் நிற்கவில்லை."

ரஞ்சினி உட்கார்ந்தாள். பிழை என்பது ஆளின் மேல் ஒட்டிக்கொள்ளாமல் தனியாக ஒரு பொருள் போல மேசையில் வைத்துப் பார்க்கப்படும் ஓர் இடம் இந்த நாட்டிலேயே இருக்கிறது என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. நன்றி சொல்ல வாயெடுத்தாள். ஆனால் வேலையைப் பற்றியே பேசினாள்.

"பயனாளர் கோப்பில் எண்களைத் திருத்தினால் மட்டும் போதாது. ஹால் கணினியின் சொந்த வட்டில் கோடை முழுக்க எழுதிய கோப்புகளில் பழைய எண்தான் ஏறியிருக்கிறது. அவற்றையும் மாற்ற வேண்டும். நாளைக்குக் கடைசி ஆளிலிருந்து தொடங்குகிறேன்."

"ஏன் கடைசியிலிருந்து?"

"ஒரு வாங்குப் பலகையில் நெருக்கி உட்கார்ந்திருக்கிற இருபத்தைந்து பேரையும் ஓர் இடம் தள்ளி உட்காரச் சொன்னால், ஓரத்தில் இருப்பவர்தானே முதலில் எழும்ப வேண்டும். முன்னால் இருப்பவரை முதலில் நகர்த்தினால் அவர் அடுத்தவர் மடியில் உட்கார்ந்துவிடுவார். பிறகு எது யாருடைய கோப்பு என்று பிரிக்கவே முடியாது."

திருமதி கிறிங்ஸ் சிரித்தார். முதுகு பிடித்துக்கொண்டது. வலியில் கண்களை மூடிக்கொண்டு, மூடியபடியே மறுபடி சிரித்தார். "பேராசிரியரிடம் நான் தொலைபேசியில் பேசுகிறேன்."

"வேண்டாம். நானே சொல்கிறேன்."

மறுநாள் காலையிலேயே சொன்னாள். பேராசிரியர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்து மூன்று கேள்விகள் கேட்டார்: என்ன போனது, என்ன திரும்பியது, இனி நடக்காமலிருக்க என்ன செய்வீர்கள். மூன்றாவதற்கு அவளிடம் பதில் இருந்தது. எட்டுக் கணினிகளின் பயனாளர் கோப்பையும் குழுக் கோப்பையும் தினமும் காலையில் ஒப்பிட்டுப் பார்த்து, எங்காவது ஓர் எண் மாறியிருந்தால் காட்டிக்கொடுக்கும் ஒரு சிறு நிரல். இருபது வரிகூட வராது. "எழுதுங்கள்," என்றார் அவர். ஒப்பந்தத்தைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

எண் மாற்றும் வேலைக்கு அன்று பகல் முழுவதும் பிடித்தது. நூற்று நாற்பத்தொன்றை நூற்று நாற்பத்திரண்டாக்கி, அடுத்து நூற்று நாற்பதை நூற்று நாற்பத்தொன்றாக்கி, ஒவ்வொருவராகக் கீழே இறங்கினாள். குருமூர்த்தி பக்கத்தில் இருந்து தாளில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே சரி போட்டான். கடைசியாக நூற்றுப்பதினேழு காலியாயிற்று. கம்பியைத் திரும்பச் செருகி, பட்டியல் போட்டுப் பார்த்தார்கள். ஹாலிலும் அவனுடைய டைரக்டரி அவன் பெயரில் இருந்தது.

"ரஞ்சினி," என்றான் அவன். "நேத்து அந்தத் தாள எடுத்துக்கிட்டு நீங்க திரும்பி வரலேன்னா, நான் டீட்டரோட சண்டை போட்டிருப்பேன். வருஷக்கணக்கா அவன் முகத்துல முழிச்சிருக்க மாட்டேன். தாங்க்ஸ்."

"நீங்களோ எனக்கு நன்றி சொல்லுறது?" என்றாள் அவள். "ஆறு மாச வேலை போச்சுதெண்டு நிக்கேக்குள்ள ஒரு சொல்லு என்னை ஏசேல்லை. என்ர வீட்டுக்காரரிட்டச் சொன்னனான், அவர் நம்பேல்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச்சொன்னவர். வருவீங்கள்தானே?"

"வரேன். நான் வெஜிடேரியன், அது பரவாயில்லயா?"

"ஓம், தெரியும்."

வியாழக்கிழமை தேநீர் வேளையில் டீட்டர் ஒரு பெரிய தட்டைத் துணியால் மூடிக்கொண்டு வந்தான். இரண்டு நாளாக அவன் யார் முகத்தையும் சரியாகப் பார்க்கவில்லை. குருமூர்த்தியின் மேசையில் அதை வைத்தான். பாலில் வேகவைத்த அரிசியை மாவுத் தட்டில் ஊற்றிச் சுட்ட, அந்த ஊருக்கே உரிய பலகாரம். அவன் அம்மா செய்து கொடுத்திருந்தார்.

"பொத்தானை அழுத்தினது நான்தானே," என்றான். "அம்மாவிடம் சொன்னேன். வெறுங்கையோடு போகாதே என்றார்."

குருமூர்த்தி எழுந்து அவனுக்கு நாற்காலி போட்டான். பிறகு தூரத்து மேசையில் உட்கார்ந்திருந்த ரஞ்சினியைப் பார்த்துக் கையசைத்தான். அவள் தன் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தாள். டீட்டர் வெட்டிக் கொடுத்த துண்டைக் கடித்தவள் ஒரு கணம் மெல்லாமல் இருந்தாள்.

"இது புக்கை," என்றாள் தமிழில். "உங்கட சர்க்கரைப் பொங்கல்தான், மாவுக்குள்ள வைச்சுச் சுட்ட புக்கை."

"முட்டை போட்டிருப்பாங்களோ?" என்று குருமூர்த்தி மெதுவாகக் கேட்டான்.

"கட்டாயம் போட்டிருப்பினம்."

அவன் தட்டைப் பார்த்தான். ஆவலோடு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த டீட்டரைப் பார்த்தான். பிறகு ஒரு பெரிய துண்டாக எடுத்துக்கொண்டான்.